கேசட்டை ஏற்றும்போதே சுருக்கலாமா?

பழைய கல்யாண கேசட்டைக் கணினிக்கு ஏற்றித் தரும் வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது: "ஐயா, ஏத்தும்போதே சுருக்கிட்டா என்ன? எதுக்கு ரெண்டு வேலை?" நேரம் மிச்சமாகும், டிஸ்க்கில் இடம் மிச்சமாகும். நியாயமான கேள்விதான். சில இடங்களில் அப்படிச் செய்யலாம், பல இடங்களில் கூடவே கூடாது. எங்கே எது என்று தெரிந்துகொள்வதுதான் இந்தத் தொழில்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்தியது. உலகில் கடைசிவரை அதைத் தயாரித்தவர்கள் அவர்கள்தான் என்று அப்போது செய்தி வந்தது. காந்த நாடாவைத் திரும்ப ஓட்டுவதே 2025-ஐ ஒட்டிப் பெரும்பாடாகிவிடும் என்று யுனெஸ்கோவும் 2019-இல் எச்சரித்தது. இன்று உங்கள் மேஜைக்கு வரும் கேசட் இன்னும் பத்து வருடம் கழித்து இன்னொருவர் மேஜைக்குப் போகும் என்று நம்ப இடமில்லை. நீங்கள் எடுத்து வைப்பதுதான் அந்தக் குடும்பத்துக்குக் கடைசிப் பிரதி.

1. வி.எச்.எஸ். கேசட்டைக் கையில் வாங்கியதும் அதன் முதுகு ஓரத்தில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் துண்டைப் பாருங்கள். உடைக்காமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். அதன் பிறகு தவறி ரெக்கார்டு பட்டன் அமுங்கினாலும் எதுவும் அழியாது. ஜன்னல் வழியே நாடாவில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அதை வி.சி.ஆரில் போடவே போடாதீர்கள். ஹெட்டும் கெடும், அடுத்து வரும் கேசட்டுக்கும் ஒட்டும். நன்றாக இருக்கிற கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுத்தான் கேப்சருக்கு உட்காரவேண்டும்.

2. கணக்கை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் கேசட் பால் முறை: 576 வரி, நொடிக்கு 25 ஃப்ரேம். 720-க்கு 576 என்ற அளவில் ஒரு புள்ளிக்கு 2 பைட் வீதம் சுருக்காமல் எடுத்தால் நொடிக்கு 20.7 எம்பி, மணிக்கு 75 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று மணி நேரக் கல்யாணக் கேசட் ஒன்று 220 ஜிபியைத் தாண்டிவிடும். டிவிடிக்கு ஏற்ற எம்பெக்-2-இல் 6 எம்பிபிஎஸ் வைத்தால் அதே ஒரு மணி நேரம் 2.7 ஜிபி. இருபத்தேழு மடங்கு குறைகிறது. அப்படிக் குறையும்போது எதையாவது தூக்கி எறிந்தாகவேண்டும். எதை எறிவது என்பதைக் கேசட் ஓடிக்கொண்டிருக்கும் அந்த நொடியிலேயே முடிவு செய்வதா, நிதானமாகப் பிறகு முடிவு செய்வதா? கேள்வி அவ்வளவுதான்.

3. சுருக்கும் முறைகளில் மூன்று வகை உண்டு. முதல் வகை எதையும் இழக்காதது. ஹஃப்ஒய்யுவி, லாகரித், எஃப்எஃப்வி1 ஆகிய கோடெக்குகள் இந்த வகை. விரித்துப் பார்த்தால் போட்டது போட்டபடி திரும்ப வரும். அளவு பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறையும். இரண்டாவது வகை ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாகச் சுருக்குவது. மினிடிவி கேமராவின் வடிவம் இப்படிப்பட்டது. கொஞ்சம் இழக்கும், ஆனால் ஒரு ஃப்ரேமில் நேர்ந்த கேடு அடுத்த ஃப்ரேமுக்குப் பரவாது. எந்த ஃப்ரேமிலும் வெட்டலாம். மூன்றாவது வகை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஒப்பிட்டு, மாறியதை மட்டும் எழுதுவது. எம்பெக்-2, எச்.264, எச்.265 எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கின்றன. முழுதாக எழுதப்பட்ட ஃப்ரேம் அரை நொடிக்கு ஒன்று வரும், சில கோப்புகளில் இன்னும் தள்ளி வரும். நடுவில் இருப்பதெல்லாம் முன்னதையும் பின்னதையும் நம்பி நிற்பவை. சுருக்கத்தில் இவற்றை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கேப்சரில் ஆபத்தும் இவற்றில்தான் அதிகம்.

4. ஏன் ஆபத்து என்று புரியவேண்டும். கேசட் ஓடும்போதே சுருக்கும் என்கோடர், பந்தியில் ஒரே ஒரு வாளிப் பாயசத்தோடு பரிமாற இறங்கியவரைப் போன்றது. வரிசைக் கடைசியில் எத்தனை இலை இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. முதலில் தாராளமாக ஊற்றினால் கடைசி இலைக்கு இல்லை. பயந்து ஊற்றினால் எல்லாருக்கும் குறைவு. முழுப் பதிவும் டிஸ்க்கில் வந்துவிட்ட பிறகு இரண்டு சுற்றாகச் சுருக்கினால், முதல் சுற்றில் இலைகளை எண்ணிவிட்டு இரண்டாவது சுற்றில் பரிமாறலாம். அதுவும் அவசரமில்லாமல். ஒரு மணி நேரப் படத்தை நான்கு மணி நேரம் எடுத்துச் சுருக்கினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஓடும் கேசட்டோ நொடிக்கு 25 ஃப்ரேம் என்று தள்ளிக்கொண்டே இருக்கும், உங்களுக்காக நிற்காது.

5. இதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவீர்கள். நல்ல நிலையில் உள்ள உங்கள் வீட்டுக் கல்யாணக் கேசட்டை எடுத்து, தாலி கட்டும் இடத்தைப் பிடியுங்கள். முன்னால் ஒரு நிமிடம், பின்னால் ஒரு நிமிடம் போதும். அதை ஒருமுறை எஃப்எஃப்வி1-இல் எடுங்கள், ஒருமுறை நேரடியாக எம்பெக்-2-இல் 4 எம்பிபிஎஸ்ஸில் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்துங்கள்.

ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்வரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கேமரா ஸ்டாண்டில் நிற்கிறது, ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், என்கோடருக்குச் சுலபமான வேலை. "கெட்டி மேளம்" என்ற குரல் வந்ததும் பாருங்கள். நாலு பக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது. ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு திசையில் போகிறது. முந்தைய ஃப்ரேமில் இருந்தது அடுத்த ஃப்ரேமில் எங்கே போனது என்று என்கோடர் தேடும், எதுவும் பொருந்தாது. போட்டோக்காரரின் ஃப்ளாஷ் ஒரே ஒரு கணம் திரை முழுவதையும் வெளுத்துவிட்டுப் போகும். காட்சியே மாறிவிட்டது என்று என்கோடர் கையிருப்பை எல்லாம் செலவழிக்கும், மறு ஃப்ரேமில் பழைய காட்சியே திரும்ப வந்து நிற்கும். இதற்கு மேல் ஓமப் புகை, மல்லிகைச் சரம், பட்டின் ஜரிகை. போதாக்குறைக்குப் பழைய நாடாவின் புள்ளி இரைச்சல் ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதிதாக வரும். எது ஜரிகை, எது இரைச்சல் என்று என்கோடருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

கொடுத்த பிட் போதாமல் போனதும் அது கை வைப்பது நுணுக்கத்தில். பெண்ணின் முகம் கட்டம் கட்டமாக உடையும். மாலையில் பூ தனித்தனியாகத் தெரியாது, வெள்ளைப் பட்டையாக இருக்கும். அடுத்த முழு ஃப்ரேம் வரும்வரை அந்தச் சேதம் தொடரும். கூட்டம் அமைதியானதும் படம் தெளிந்துவிடும். கல்யாணக் கேசட்டில் மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும், அந்தச் சில நொடிகளுக்காகத்தான் அந்தக் குடும்பம் உங்களிடம் வந்தது. நேரடிச் சுருக்கம் மிக மோசமாகத் தடுமாறுவதும் சரியாக அதே நொடிகளில்தான். தட்டையான காட்சியைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று முடிவு கட்டாதீர்கள்.

6. ஆகவே வி.எச்.எஸ்., வீடியோ-8, ஹை-8 மாதிரியான அனலாக் கேசட் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால், இழப்பில்லாத கோடெக்கில் எடுங்கள். விர்ச்சுவல்டப் மென்பொருள் இதற்கு இன்றும் நம்பகமானது, காசும் இல்லை. எஃப்எஃப்வி1 திறந்த தரம், அதன் வரையறை 2021-இல் முறையான ஆவணமாகவே வெளியாகிவிட்டது. ஆவணக்காப்பகங்கள் பல அதை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. மூன்று மணி நேரக் கேசட் 100 ஜிபியைச் சுற்றி வரும். 2 டிபி டிஸ்க்கில் அப்படிப்பட்ட கேசட் இருபதுக்குப் பக்கத்தில் அடங்கும். டிஸ்க் விலையை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னால் கொடுப்பார்கள்.

கணினி பழசு, டிஸ்க்கும் இல்லை என்றால் இரண்டாம் வழி உண்டு. கேனோபஸ் ஏடிவிசி-110 மாதிரி ஒரு பெட்டி அனலாக்கை உள்ளே வாங்கி, அங்கேயே மினிடிவி வடிவமாக மாற்றி ஃபயர்வயரில் அனுப்பும். இதுவும் ஏற்றும்போதே சுருக்குவதுதான். ஆனால் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் தனித்தனியாக, நொடிக்கு 25 மெகாபிட் என்ற தாராளக் கணக்கில், சுருக்கும் பாரத்தைக் கணினி மேல் போடாமல் செய்கிறது. மணிக்கு 13 ஜிபி. நிறத்தில் கொஞ்சம் குறையும். குங்குமச் சிவப்பின் ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் படிக்கட்டு தெரியும். வி.எச்.எஸ்ஸின் நிறமே ஏற்கெனவே மங்கல் என்பதால் இதை நான் ஏற்றுக்கொள்வேன்.

7. மினிடிவி கேசட் வந்தால் மேலே சொன்னதை எல்லாம் மறந்துவிடுங்கள். அந்த நாடாவில் இருப்பதே எண் வடிவம்தான். கேமராக்காரர் எடுத்தபோதே சுருக்கியாகிவிட்டது. உங்கள் வேலை அதை ஃபயர்வயர் வழியாக அப்படியே நகலெடுப்பது மட்டும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைச் செருகி மறுபடி கேப்சர் செய்வது நல்ல தங்கத்தை உருக்கிச் செம்பு கலப்பதற்குச் சமம். அந்நாளில் கணினியோடு இலவசமாகவே வந்த மென்பொருள்கள் சில, கேமராவைச் செருகியதும் "பரிந்துரைக்கப்படுவது" என்று ஒரு சுருக்கிய வடிவத்தையே முன்னால் நீட்டும். அதை நம்பி ஏற்றிய கல்யாணங்கள் ஏராளம். அவற்றில் போனது படத்தின் தரம் மட்டுமல்ல. மினிடிவி தரவுக்குள் ஒவ்வொரு ஃப்ரேமோடும் எடுத்த தேதியும் நேரமும் பதிந்திருக்கும். வேறு வடிவத்துக்கு மாற்றியதும் அது காணாமல் போய்விடும். இருபது வருடம் கழித்து, "இது வளைகாப்பா, அதற்கு முந்தின வருடப் பொங்கலா" என்று வீட்டார் குழம்பும்போது அந்தத் தேதிதான் கைகொடுக்கும்.

நாடா சேதமாகி அங்கங்கே கட்டம் விழுந்தால் இரண்டு மூன்று முறை நகலெடுங்கள். ஒருமுறை விழுந்த இடத்தில் மறுமுறை விழாமல் இருக்கலாம். நல்ல ஃப்ரேம்களைப் பொறுக்கிச் சேர்க்க டிவிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. சுருக்கி ஏற்றியிருந்தால் இப்படிப் பொறுக்கவே முடியாது.

8. எங்கே நேரடியாகச் சுருக்கலாம்? மூலம் வேறு இடத்தில் பத்திரமாக இருந்து, பார்க்க மட்டும் ஒரு பிரதி வேண்டும் என்றால் சுருக்கலாம். அசையாத கேமராவில் எடுத்த பட்டிமன்றம், சொற்பொழிவு, கச்சேரி ஆகியவற்றில் படத்தைவிடப் பேச்சும் பாட்டும் முக்கியம் என்றால் சுருக்கலாம், ஒலியை மட்டும் சுருக்காமல். எந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்க மட்டும் என்றால் தாராளமாக. நேரலை என்றால் வேறு வழியே இல்லை. கைப்பேசியும் எடுக்கும்போதே சுருக்கித்தான் எடுக்கிறது. அங்கே சுருக்கப்பட்ட கோப்புதான் மூலம், அதை மறுபடி சுருக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

9. நேரடியாகச் சுருக்கியே தீரவேண்டும் என்றால் செட்டிங்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஓபிஎஸ் மென்பொருள் நேரலைக்காக உருவானது. கேசட்டுக்கு ஏற்றபடி நீங்கள்தான் திருப்பவேண்டும். நொடிக்கு 30 ஃப்ரேம் என்று இருந்தால் நம் 25 ஃப்ரேம் கேசட் விக்கி விக்கி ஓடும். 25 அல்லது 50 ஆக்குங்கள். 1920-க்கு 1080 என்று இருந்தால் இல்லாத நுணுக்கத்துக்கு இடம் ஒதுக்கிப் பிட்டை வீணடிக்கும். 768-க்கு 576 போதும். நிலையான பிட்ரேட்டை எடுத்துவிட்டு நிலையான தரம் என்ற முறைக்கு மாற்றுங்கள். எச்.264-இல் அந்த எண் 16-ஐ ஒட்டி இருக்கட்டும். எண் குறையக் குறையத் தரம் கூடும். அப்போது கெட்டி மேளத்தில் பிட் தேவைப்பட்டால் என்கோடர் எடுத்துக்கொள்ளும். கோப்பு எவ்வளவு பெரிதாகும் என்று முன்கூட்டிச் சொல்லமுடியாது, அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணினி திணறினால் என்கோடரின் வேகத்தைக் கூட்டுங்கள், தரத்தைக் குறைக்காதீர்கள். இன்டெல் சிப்பிலும் என்விடியா கார்டிலும் சுருக்குவதற்கென்றே தனிச் சுற்று இருக்கிறது. அதே அளவுக் கோப்பில், நிதானமாகச் சுருக்கும் மென்பொருளுக்கு அது ஈடாகாது. ஆனால் பிட்டைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால், ஃப்ரேம் விழாமல் எடுக்க நல்ல துணை.

10. ஃப்ரேம் விழுவதைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஒரு ஃப்ரேமைச் சுருக்கி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டால் கணினி சத்தமில்லாமல் ஒன்றைக் கீழே போட்டுவிடும். பத்து இருபது விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒலி அப்படியே ஓடும். முதல் அரை மணியில் சரியாக இருந்த நாதஸ்வரம், மூன்றாவது மணியில் வாசிப்பவரின் விரலுக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கும். விழுந்த ஃப்ரேம், நுழைத்த ஃப்ரேம் எண்ணிக்கை விர்ச்சுவல்டப் திரையில் ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே உட்காருங்கள். கேப்சர் ஓடும்போது வைரஸ் ஸ்கேன் வேண்டாம், பிரவுசர் வேண்டாம், அதே டிஸ்க்கில் வேறு நகல் வேண்டாம்.

கணினி நன்றாக இருந்தும் ஃப்ரேம் விழுகிறது என்றால் கேசட்டைப் பாருங்கள். பழைய நாடா ஒரே சீரான வேகத்தில் வராது. வரிகள் முன்னும் பின்னும் தள்ளாடும். நடுவில் ஒரு டைம் பேஸ் கரெக்டர் இருந்தால் அதைச் சீர்படுத்திக் கொடுக்கும். அது விலை அதிகம். பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை நடுவில் வைத்து, பதிவு செய்யாமல் வழியனுப்ப மட்டும் விட்டால், சில மாடல்கள் அந்த வேலையில் பாதியைச் செய்துவிடும்.

ஒலியை எப்போதும் படம் வரும் அதே கருவி வழியாகவே எடுங்கள். படம் யுஎஸ்பியில், ஒலி கணினியின் மைக் துளையில் என்று பிரித்தால் இரண்டு கடிகாரம் ஆகிவிடும், ஒன்றை ஒன்று விட்டு நகரும். ஒலி அளவைக் கெட்டி மேளத்துக்கு வைத்துப் பாருங்கள். மெல்லிய இசைக்கு வைத்தால் கெட்டி மேளத்தில் தவில் ஒலி உடைந்துவிடும். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், சுருக்கமில்லாத வேவ் என்றால் மணிக்கு 0.7 ஜிபிதான். அதில் மிச்சம் பிடிக்க எதுவுமில்லை.

11. மின்சாரம். எம்பி4 கோப்பின் அட்டவணையைப் பெரும்பாலான மென்பொருள்கள் பதிவு முடிந்த பிறகுதான் எழுதும். இரண்டே முக்கால் மணி நேரம் ஏற்றிவிட்டுக் கரண்ட் போனால், டிஸ்க்கில் ஜிபி ஜிபியாகக் கோப்பு இருக்கும், திறக்காது. எம்.கே.வி-யில் எடுத்தால் போன இடம்வரை பிழைக்கும். பிறகு வேண்டுமானால் சுருக்கத்தைத் தொடாமல் உறையை மட்டும் எம்பி4-க்கு மாற்றிக்கொள்ளலாம், சில நிமிட வேலை. வி.சி.ஆருக்கும் சேர்த்து யுபிஎஸ் போடுங்கள். டிஸ்க் பழைய எஃப்ஏடி32-இல் இருந்தால் 4 ஜிபியில் கோப்பு நின்றுவிடும், என்டிஎஃப்எஸ் ஆக்கிவிட்டு உட்காருங்கள்.

12. வரிகளைக் கலைக்காதீர்கள். கேசட்டில் ஒரு ஃப்ரேம் என்பது நொடிக்கு ஐம்பதாக வரும் இரண்டு பாதிகள், ஒற்றைப்படை வரிகள் ஒன்று, இரட்டைப்படை வரிகள் ஒன்று. மூலப் பிரதியை அப்படியே இன்டர்லேஸாக வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போதே அதைக் கலைத்து 25 முழு ஃப்ரேமாக்கினால் அசைவில் பாதி போய்விடும், கோலாட்டம் ஆடும் பிள்ளைகளின் கை தத்தித் தத்திப் போகும். பிறகு நிதானமாகக் கலைக்கும்போது 50 ஃப்ரேமாக்குங்கள். மினிடிவியில் கீழ் வரி முதலில், அனலாக் கேப்சரில் பெரும்பாலும் மேல் வரி முதலில். மாற்றிப் போட்டால் அசைவெல்லாம் முன்னே போய்ப் பின்னே வரும், பார்த்ததும் தெரிந்துவிடும்.

13. டொராண்டோவிலிருந்தோ நியூஜெர்சியிலிருந்தோ வந்த கேசட் என்றால் அது என்டிஎஸ்சி: 480 வரி, நொடிக்கு 29.97 ஃப்ரேம். அதை ஓட்டும் வி.சி.ஆர். வேண்டும், அந்தக் கணக்கிலேயே எடுக்கவேண்டும். யாழ்ப்பாணம், சிங்கப்பூர், மலேசியாக் கேசட்டுகள் நம்மைப் போலவே பால்.

14. வீட்டாருக்குக் கொடுக்கும் சின்னப் பிரதியை இதற்கெல்லாம் பிறகு செய்யுங்கள். ஹேண்ட்பிரேக்கில் எச்.264, தர எண் 18 முதல் 20, வேகம் 'ஸ்லோ'. அடியில் துடிக்கும் சில வரிகளை இந்தப் பிரதியில் மட்டும் வெட்டுங்கள். இரைச்சல் நீக்குவதும் இதில்தான், அதுவும் லேசாக. முகத்தில் சுருக்கமும் அம்மைத் தழும்பும் போய்விடும் அளவுக்கு வழிக்காதீர்கள், அந்த முகத்தை அப்படியே பார்க்கத்தான் கேட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப்புக்கு வேண்டுமென்றால் தாலி கட்டுவதை மட்டும் தனியாக வெட்டிக் கொடுங்கள். மூலத்திலிருந்து வெட்டுங்கள், சின்னப் பிரதியிலிருந்து வெட்டவேண்டாம்.

15. ஒப்படைக்கும் முன் கோப்பைத் திறந்து தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் உதட்டசைவோடு ஒலி பொருந்துகிறதா என்று பாருங்கள். மூலக்கோப்பு இரண்டு டிஸ்க்கில் இருக்கட்டும், ஒன்று அவர்கள் வீட்டில், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில். கோப்பின் பெயரில் ஊரும் வருடமும் யார் கல்யாணம் என்பதும் இருக்கவேண்டும். கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இனி இது எதற்கு, தூக்கிப் போட்டுவிடலாமா" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். டிவிடி வந்த காலத்தில் நாலு மணி நேரத்தை ஒரே வட்டில் திணித்துவிட்டுக் கேசட்டைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டவர்கள், இன்று அந்த வட்டும் படிக்காமல் போய் நிற்கிறார்கள். கேசட்டை முழுதும் சுற்றி, உறையில் போட்டு, புத்தகம் போல நிமிர்த்தி, ஈரமும் வெயிலும் படாத அலமாரியில் வைக்கச் சொல்லிக் கொடுத்தனுப்புங்கள்.